வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கைத் தேர்வு: தமிழ்நாட்டுக்கு வரும் பெற்றோருக்கான முழு வழிகாட்டி

துபாயிலிருந்தோ டெக்சாஸிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊர் திரும்ப முடிவெடுத்த குடும்பங்களுக்கு வீடு பார்ப்பதைவிடப் பெரிய கவலை பள்ளிதான். "டெஸ்ட் வைப்பாங்களாமே, எங்க பிள்ளை பாஸ் பண்ணுமா?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். நான் நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை. சேர்க்கைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தாள் போடுவதும் திருத்துவதும் என் வேலையில் ஒரு பகுதி. நான் பார்த்தவரை இந்தத் தேர்வில் பிள்ளைகள் தோற்பது குறைவு. பெற்றோர் தப்பான மாதத்தில், தப்பான வகுப்பைக் கேட்டு, பாதிக் காகிதங்களோடு வந்து நிற்பதால் வரும் சிக்கல்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் தேர்வுக்குப் படிப்பதைவிட அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: இந்தத் தேர்வு எதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள்

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளை வடிகட்டித் தேர்ந்தெடுப்பதைத் தடை செய்கிறது. சட்டத்தின் 13-ஆவது பிரிவு இது. மீறும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இருந்தும் எல்லா ஊரிலும் தனியார் பள்ளிகள் ஏதோ ஒரு பெயரில் தேர்வு வைக்கத்தான் செய்கின்றன. 'இன்டராக்‌ஷன்' என்பார்கள், 'அசெஸ்மென்ட்' என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளை விஷயத்தில் அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. அந்தப் பிள்ளை இதுவரை என்ன படித்தது என்பது எங்கள் கையில் இருக்கும் எந்தக் காகிதத்திலும் சரியாகத் தெரியாது. தாளைப் பார்த்தால் எந்தப் பாடத்தில் கை கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆகவே தேர்வு என்றதும் சண்டைக்கும் போக வேண்டாம், நடுங்கவும் வேண்டாம். "இந்தத் தாளை எதற்குப் பயன்படுத்துவீர்கள்? சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவா, என்ன உதவி தேவை என்று பார்க்கவா?" என்று முதல் போன்காலிலேயே கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே அந்தப் பள்ளியைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

மாநில அரசுப் பள்ளிகளில் பொதுவாகச் சேர்க்கைத் தேர்வே கிடையாது. பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது. 6 முதல் 12 வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 5-ஆம் வகுப்பு முடித்த பிள்ளையோடு திரும்புகிறவர்கள் இதைப் பேச்சுக்காவது எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

படி 2: எந்த வகுப்பு என்று நீங்களே முதலில் கணக்குப் போடுங்கள்

அமெரிக்காவின் கிரேடு எண்ணும் நம் வகுப்பு எண்ணும் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவும் அப்படியே. பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் ஓர் எண் கூடுதலாக இருக்கும். இயர் 6 முடித்த பிள்ளை நம் 5-ஆம் வகுப்பை முடித்ததாக அர்த்தம். இயர் 10 என்பது நம் 9. வளைகுடாவில் பிரிட்டிஷ் பள்ளியில் படித்த பிள்ளையின் பெற்றோர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். "இயர் 8 முடிச்சாச்சு, 9-இல் போடுங்க" என்று வந்து கேட்பார்கள். 8-இல் போடுவது தண்டனை இல்லை, அதுதான் சரியான வகுப்பு. சிங்கப்பூரின் பிரைமரி 5 நம் 5-க்குச் சமம்.

அப்புறம் மாதக் கணக்கு. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில் திறக்கும். சி.பி.எஸ்.இ. கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது; சில பள்ளிகள் ஏப்ரலில் சில வாரம் நடத்திவிட்டுக் கோடை விடுமுறைக்குப் பிறகு தொடரும், சில ஜூனிலேயே ஆரம்பிக்கும். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளும் ஏப்ரல் கணக்குதான், அங்கிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவில் மே கடைசியிலோ ஜூனிலோ ஆண்டு முடிகிறது. மாநிலப் பாடத்திட்டத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், ஏப்ரலில் தொடங்கும் பள்ளியில் சில வாரப் பாடம் போயிருக்கும். சிங்கப்பூரில் நவம்பரில் முடிகிறது. அங்கிருந்து டிசம்பரில் வருகிறவர்களுக்கு இரண்டே வழி: இங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டின் கடைசி மாதங்களில் நுழைவது, அல்லது காத்திருந்து அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சேர்வது. சின்ன வகுப்பு என்றால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். பாடம் எவ்வளவு ஏறுகிறது என்பது முக்கியமில்லை. ஜூனில் புது வகுப்பு தொடங்கும்போது பிள்ளைக்கு நாலு நண்பர்கள் இருப்பார்கள்.

வயதையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 5 வயது முடிந்தால் 1-ஆம் வகுப்பு. அமெரிக்காவில் அநேகமாக 6 வயதில் கிரேடு 1. அதனால் அங்கிருந்து வரும் பிள்ளை அதே வகுப்பில் சேர்ந்தாலே ஏறக்குறைய ஒரு வயது மூத்ததாக இருக்கும். "தமிழுக்காக ஒரு வகுப்பு கீழே போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே ஒரு வயது மூத்த பிள்ளை இரண்டு வயது மூத்த பிள்ளையாகிவிடும். 12 வயதுப் பெண்ணை 10 வயதுக் குழந்தைகள் நடுவில் உட்காரவைப்பது எந்தப் பாடத்தையும் எளிதாக்காது.

படி 3: 8-ஆம் வகுப்புக்குள் திரும்ப முடியுமா என்று யோசியுங்கள்

திரும்பும் ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தால், இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

சி.பி.எஸ்.இ.-யில் 9, 10 இரண்டும் சேர்ந்து ஒரே படிப்பு. 11, 12 சேர்ந்து ஒரே படிப்பு. மாணவர்களை வாரியத்தில் பதிவு செய்வது 9-இலும் 11-இலும். 10-இலோ 12-இலோ நேரடியாகச் சேர்வது விதிவிலக்கு மட்டுமே. பெற்றோரின் பணி மாற்றம் போன்ற காரணத்தைக் காட்டி, வாரியத்தின் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளை இதுவரை வெளிநாட்டு வாரியத்தில் படித்திருந்தால் அந்த வாரியம் சமமானதா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். சி.பி.எஸ்.இ. தன் இணையதளத்தில் சமமாக ஏற்கும் வாரியங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. 9-க்கு மேல் சேர்க்கிறீர்கள் என்றால் அந்தப் பட்டியலில் உங்கள் பிள்ளையின் வாரியம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கே போன் செய்ய வேண்டும். ஐ.சி.எஸ்.இ.-யிலும் 9-இல்தான் பதிவு.

கேந்திரிய வித்யாலயாவில் 2 முதல் 8 வரை தேர்வு கிடையாது. காலியிடமும் முன்னுரிமைப் பிரிவும்தான் தீர்மானிக்கும். 9-க்கு மட்டும் எழுத்துத் தேர்வு உண்டு. ஆங்கிலம், இந்தி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடம், தலா 20 மதிப்பெண். இந்தி தெரியாத பிள்ளைக்கு அங்கேயே ஐந்தில் ஒரு பங்கு கைவிட்டுப் போய்விடும்.

10-ஆம் வகுப்பு நடுவில் பிள்ளையைக் கூட்டி வருவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நிலைமை வந்தால், படிக்கும் நாட்டிலேயே 10-ஐ முடித்துவிட்டு 11-க்கு வருவது நல்லது. அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் முன்னால் திரும்பி, மற்றவர் பிள்ளையோடு ஓர் ஆண்டு தங்குவது கஷ்டம்தான், செலவும்தான். ஆனால் வாரியத் தேர்வு ஆண்டில் புது ஊர், புது பாடத்திட்டம், புது மொழிப்பாடம் மூன்றையும் ஒரு 15 வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதைவிட அது மேல்.

மேற்படிப்பையும் இப்போதே பாருங்கள். பொறியியல் கலந்தாய்வில் 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் (தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கான சான்று) தேவையில்லை. அந்த வகுப்புகளில் ஏதாவது ஒன்றை வெளியே படித்திருந்தாலும் சான்றிதழ் வாங்கித்தான் ஆக வேண்டும். பிள்ளை வெளிநாட்டுக் குடியுரிமையும் ஓ.சி.ஐ. அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) வைத்திருந்தால் இன்னொரு விஷயம்: 4 மார்ச் 2021 அறிவிப்பின்படி நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகள் வழியாக ஓ.சி.ஐ. பிள்ளைகள் என்.ஆர்.ஐ. இடங்களுக்கு மட்டுமே போட்டியிட முடியும். அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அட்டையில் இருக்கும் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

படி 4: பாடத்திட்டம்

இதைப் பற்றித் தெருவுக்குத் தெரு ஆலோசனை கிடைக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைகுடாவில் சி.பி.எஸ்.இ. படித்த பிள்ளை இங்கும் அதையே தொடரட்டும். இன்னும் சில ஆண்டுகளில் மறுபடி வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், கேம்பிரிட்ஜ் பள்ளியின் கட்டணம் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். ஊரிலேயே இருக்கப்போகிறோம், பிள்ளை 6-ஐத் தாண்டவில்லை, தமிழ் நன்றாக வர வேண்டும் என்றால் மாநிலப் பாடத்திட்டம் நல்ல தேர்வு. மெட்ரிக் பள்ளிகள் இதில்தான் வரும்.

படி 5: காகிதங்களை அந்த நாட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடியுங்கள்

அமெரிக்கப் பள்ளிகளில் டி.சி. என்ற வழக்கமே கிடையாது. அலுவலகத்தில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். அதனால் நீங்களே விவரம் எழுதிக் கொடுத்து, பள்ளியின் முகப்புத்தாளில், கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முடித்த வகுப்பு, அடுத்த வகுப்புக்குத் தகுதி பெற்றது, பயிற்று மொழி, நடத்தை எல்லாம் இருக்க வேண்டும். 'அடுத்த வகுப்புக்குத் தகுதி' என்ற வரி இல்லாமல் வந்து அலைந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். கூடவே கடைசி இரண்டு ஆண்டு ரிப்போர்ட் கார்டு, தடுப்பூசி அட்டை.

வளைகுடாவில் டி.சி. தருவார்கள், ஆனால் அதற்குச் சான்றொப்பம் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரே முத்திரையோடு ஆவணத்தை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும் ஏற்பாடு) இல்லாதவை. அங்கே கல்வித் துறை, வெளியுறவுத் துறை, இந்தியத் தூதரகம் என்று வரிசையாகப் போக வேண்டியிருக்கும். ஓமான், பஹ்ரைன், சவூதி, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், 2024 முதல் கனடா ஆகியவற்றில் அப்போஸ்டில் முத்திரை ஒன்றே போதும். விசா ரத்தாகி ஊருக்கு வந்த பிறகு இதையெல்லாம் ஏஜென்ட் வைத்துச் செய்தால் பணமும் போகும், பள்ளி திறக்கும் நாளும் போகும். சின்ன வகுப்புகளில் பல பள்ளிகள் இவ்வளவு கேட்பதில்லை, ஆனால் 9-க்கு மேல் கேட்பார்கள்.

ஆதார் பற்றி எல்லோரும் பதறுகிறார்கள். இந்திய பாஸ்போர்ட் உள்ள என்.ஆர்.ஐ. பிள்ளை ஊருக்கு வந்த உடனேயே விண்ணப்பிக்கலாம். ஓ.சி.ஐ. பிள்ளை முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "விண்ணப்பித்திருக்கிறோம், வந்ததும் தருகிறோம்" என்று எழுதிக் கொடுங்கள்.

படி 6: தாளில் என்ன இருக்கும்

பொதுவாகக் கணக்கு, ஆங்கிலம், அதோடு ஒரு மொழிப்பாடம். 8-க்கு மேல் அறிவியலும் சேரும். கேள்விகள் சேரப்போகும் வகுப்பிலிருந்து வராது, முடித்த வகுப்பிலிருந்துதான் வரும். 6-இல் சேரும் பிள்ளைக்கு 5-ஆம் வகுப்புப் பாடம்.

கணக்கில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் புரிதல் நன்றாகவே இருக்கும். அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் வேறு.

முதலாவது, லட்சமும் கோடியும். 3456789 என்ற எண்ணைக் கொடுத்து, காற்புள்ளி போட்டு எழுத்தால் எழுதச் சொன்னால், அங்கிருந்து வரும் பிள்ளை 3,456,789 என்று போட்டு மில்லியனில் எழுதும். நாம் எதிர்பார்ப்பது 34,56,789, முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது. ஒரு வாரம் தினமும் பத்து எண் எழுதினால் தீர்ந்துவிடும் விஷயம் இது. யாரும் சொல்லிக் கொடுக்காததால் மதிப்பெண் போகிறது.

இரண்டாவது, வழிமுறை. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பையன் 4896-ஐ 12-ஆல் வகுத்த தாள் நன்றாக நினைவிருக்கிறது. 12 நானூறு தடவை 4800, மீதி 96, 12 எட்டு தடவை 96, ஆக 408 என்று பக்கவாட்டில் எழுதிக் கூட்டியிருந்தான். விடை சரி. நம் பிள்ளைகளில் பலர் நீள்வகுத்தல் போட்டு, நடுவில் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிட்டு 48 என்று எழுதும் கணக்கு அது. ஆனாலும் திருத்தியவர் 'ஸ்டெப்ஸ்' இல்லை என்று பாதி மதிப்பெண்தான் போட்டிருந்தார். நான் முழு மதிப்பெண் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். எல்லாப் பள்ளியிலும் அப்படிக் கேட்க ஆள் இருக்காது. அதனால் நம் ஊர் நீள்வகுத்தலையும் ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளையின் பழைய வழியைத் தப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள், அது நல்ல வழி.

மூன்றாவது, கால்குலேட்டர். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் பெரிய வகுப்புகளில் கால்குலேட்டர் உண்டு; இங்கே வாரியத் தேர்வு வரைக்கும் கையால்தான். வாய்ப்பாடு அங்கே 12 வரை போதும், இங்கே 16 வரையாவது சரளமாக வந்தால் நேரம் மிச்சமாகும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அங்குலமும் பவுண்டும் ஃபாரன்ஹீட்டும்தான் கண்ணில் நிற்கும். சென்டிமீட்டர், கிலோகிராம், செல்சியஸில் சில கணக்குப் போட்டுப் பழகட்டும். தேதியையும் பாருங்கள்: 03/07 என்றால் அங்கே மார்ச் 7, இங்கே ஜூலை 3. இரண்டு தேதிகளுக்கு இடையில் எத்தனை நாள் என்ற கேள்வியில் இதனால் முழு விடையும் மாறிவிடும்.

8, 9-க்கு வருகிறவர்கள் இயற்கணிதத்தையும் வடிவியல் நிரூபணத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். 'ஏன்' என்று ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதும் பழக்கம் 9-இல் திடீரென்று வரும்.

ஆங்கிலத்தில் பேச்சும் வாசிப்பும் நம் ஆசிரியர்களையே அசத்தும். ஆனால் செய்வினை–செயப்பாட்டுவினை, நேர்கூற்று–அயற்கூற்று மாற்றுங்கள் என்ற கேள்வியைப் பார்த்ததும் பிள்ளை பேந்தப் பேந்த விழிக்கும். பேசும்போது சரியாகவே பயன்படுத்துகிற ஒன்றுதான், அதற்குப் பெயர் உண்டு என்பது தெரியாது. விடுப்பு விண்ணப்பம், தலைமை ஆசிரியருக்குக் கடிதம் போன்ற வடிவங்களையும் இரண்டு மூன்று தடவை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்க எழுத்துக்கூட்டலைச் சில ஆசிரியர்கள் பிழை என்று வட்டம் போடுவார்கள். பிரிட்டிஷ் முறையும் இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

படி 7: தமிழ்

உண்மையான மலை இதுதான். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் 10-ஆம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். சி.பி.எஸ்.இ. உள்ளிட்ட மற்ற பள்ளிகளிலும் 2015-16 முதல் 1-ஆம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கொண்டுவர 2014-இல் அரசாணை வந்தது. இடையில் வந்து சேரும் பிள்ளைக்கு இந்தப் பள்ளி என்ன செய்கிறது என்று நேராகக் கேளுங்கள். "சமாளிச்சுக்கலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். எந்த ஆசிரியர், வாரத்தில் எத்தனை வகுப்பு, எந்தப் புத்தகம் என்று கேளுங்கள்.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கும் எழுத்தில் இரண்டு தடை இருக்கும். ஒன்று, 247 எழுத்துகளில் உயிர்மெய் வரிசை. அதிலும் கொம்பு, கால், இரட்டைக் கொம்பு வரும் கெ, கே, கை, கொ, கோ, கௌ. உகர ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து மாறுவது இன்னும் கஷ்டம். கு, சு, து, மு, ரு ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பிள்ளை ஏன் திணறுகிறது என்று புரியும். மற்றொன்று, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். 'அவங்க வந்தாங்க' என்று பேசும் பிள்ளை தாளிலும் அப்படியே எழுதும். அதை எழுத்துப்பிழை என்று அடிக்காமல், 'அவர்கள் வந்தார்கள்' என்பது எழுத்தின் வடிவம் என்று இணையாகக் காட்டிக்கொண்டே வர வேண்டும். கதையை வாசித்துக் காட்டுவது இதற்கு மிக நல்ல மருந்து. ல, ள, ழ மற்றும் ந, ன, ண மெதுவாக வரட்டும், அதற்காக முதல் மாதத்திலேயே பிள்ளையை அழவைக்க வேண்டாம்.

எங்கே தொடங்குவது? தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் இயங்குகிறது. மழலைக் கல்விப் பாடங்களும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான சான்றிதழ்ப் படிப்பும் இணையத்தில் இருக்கின்றன. மாநிலப் பாடநூல்களும் பி.டி.எஃப். வடிவில் இலவசமாகக் கிடைக்கும். 6-இல் சேரும் பிள்ளைக்கு 5-ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். 1-ஆம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்து வேகமாக மேலே வாருங்கள். வளர்ந்த பிள்ளைக்கு 1-ஆம் வகுப்புப் புத்தகம் கூச்சமாக இருந்தால், அதே எழுத்துகளைக் கடைப் பலகையிலும் பேருந்துப் பலகையிலும் படிக்கச் சொல்லுங்கள்.

பிரெஞ்சு எடுத்துத் தப்பித்துக்கொள்ளலாமா என்று சி.பி.எஸ்.இ. பெற்றோர் கேட்பார்கள். 6-ஆம் வகுப்புக்குள் வரும் பிள்ளை என்றால் தமிழ்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தாத்தா பாட்டியின் கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் இந்த ஊரில் ஒரு பிள்ளை வளர வேண்டாம். 8-க்கு மேல் வரும் பிள்ளைக்கு, ஏற்கெனவே பிரெஞ்சு படித்திருந்தால், பள்ளியும் அனுமதித்தால், அதைத் தேர்வுக்கு எடுத்துக்கொண்டு தமிழை வீட்டில் பாரமில்லாமல் கற்கட்டும்.

படி 8: மூன்று மாதத் தயாரிப்பு

பெரிய அட்டவணை எதுவும் தேவையில்லை. முடித்த வகுப்பின் கணக்குப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பாடத்தின் கடைசிப் பயிற்சியை மட்டும் போடச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறதோ அந்தப் பாடத்தை மட்டும் முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் புதியதாக இருக்கட்டும்: என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் 6-க்கும், 2025-இல் 7, 8-க்கும் புத்தகங்களை மாற்றிவிட்டது. உறவினர் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய புத்தகம் உதவாது.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது கையெழுத்துப் பழக்கத்தை. லேப்டாப்பில் தட்டியே படித்த பிள்ளைக்கு இரண்டு பக்கம் எழுதினாலே விரல் வலிக்கும். விடை தெரிந்தும் தாளை முடிக்காமல் வைத்துவிட்டு வருவதற்கு முதல் காரணம் இதுதான். தினமும் ஒரு பக்கம், பேனாவால், கோடு போட்ட தாளில். எதை எழுதினாலும் சரி, அன்று பார்த்த கிரிக்கெட் மேட்சைப் பற்றி எழுதினாலும் சரி. வாரத்தில் ஒருநாள் கடிகாரம் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதட்டும்.

சேர்க்கை விசாரிப்பதை ஜனவரியிலேயே ஆரம்பியுங்கள். நடு வகுப்புகளில் யாராவது விலகினால்தான் இடம் காலியாகும், மார்ச்சுக்குள் பெரும்பாலும் நிரம்பிவிடும். நேரில் வர முடியாதவர்களுக்கு வீடியோ காலில் பேசிவிட்டு, ஊருக்கு வந்ததும் தாள் எழுத அனுமதிக்கும் பள்ளிகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

படி 9: தேர்வு நாள்

விமானம் இறங்கிய மறுநாளே தேர்வுக்குக் கூட்டிவராதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளைக்குக் காலை பத்து மணி என்பது நடுராத்திரி. ஒரு வாரமாவது போகட்டும்.

பிரின்சிபாலோடு பேசும்போது பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். "ஏன் அங்கிருந்து வந்துட்டீங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு மனப்பாடம் செய்வித்த பதிலைவிட, "தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல, அதான் வந்துட்டோம், எனக்கு என் ஃப்ரெண்ட்ஸை விட்டு வர இஷ்டமில்ல" என்று ஒரு பிள்ளை சொன்னால் எங்களுக்கு அதுதான் பிடிக்கும். நண்பர்களை விட்டுவிட்டு வந்த வருத்தம் முகத்தில் இருக்கும் பிள்ளையை நாங்கள் குறைவாக மதிப்பிடுவதில்லை.

பிள்ளைக்குக் கற்றல் குறைபாடோ கவனச் சிதறலோ இருந்து, அங்கே தனி உதவி கிடைத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். அந்த அறிக்கையைக் கொண்டுவாருங்கள். சலுகைகளை வாரியத் தேர்வு வரை கேட்டுப் பெற அந்தக் காகிதம் தேவைப்படும்.

படி 10: "ஒரு வகுப்பு கீழே போடலாம்" என்று சொன்னால்

உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். திருத்திய தாளைப் பார்க்கக் கேளுங்கள். எந்தப் பாடத்தில், எந்த வகைக் கேள்வியில் மதிப்பெண் போயிருக்கிறது என்று பாருங்கள். மொழிப்பாடத்தில் மட்டும் போயிருந்தால் அது வகுப்பைக் குறைக்கக் காரணம் ஆகாது. படிப்பு விட்டுப்போன பிள்ளையைக்கூட வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. அதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

"வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்" என்று கேளுங்கள். நல்ல பள்ளி இதை ஒத்துக்கொள்ளும். கணக்கிலும் ஆங்கிலத்திலும் அடிப்படையே இல்லை என்பது தாளில் தெளிவாகத் தெரிந்து, பிள்ளையும் 5-க்குக் கீழே, வயதும் குறைவு என்றால் ஒரு வகுப்பு கீழே போவதில் தவறில்லை. 9-இல் சேர வரும் பிள்ளைக்கு 8-ஐ மறுபடி படிப்பது சில நேரம் உண்மையிலேயே நல்லது. வாரியப் பதிவுக்கு முன்னால் மூச்சுவிட ஓர் ஆண்டு கிடைக்கும். ஆனால் அந்த முடிவில் பிள்ளையும் இருக்க வேண்டும். 13 வயதில் தன்னைக் கேட்காமல் கீழே இறக்கப்பட்டால் அது நீண்ட நாள் மனதில் நிற்கும்.

படி 11: சேர்ந்த முதல் வாரம்

பெயரைச் சரிபாருங்கள். வெளிநாட்டில் அப்பாவின் பெயரே பிள்ளையின் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும்; இங்கே அது இனிஷியலாக மாறும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால், அலுவலகத்தில் இருப்பவர் தனக்குத் தோன்றியபடி கல்வித் துறையின் எமிஸ் பதிவில் ஏற்றிவிடுவார். அந்தப் பெயரும் பிறந்த தேதியும்தான் பின்னால் 10-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். அதன் பிறகு திருத்துவது பெரும்பாடு. சேர்க்கைப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையே, இனிஷியல் எங்கே வர வேண்டும் என்பதோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள். பதிவேற்றிய பக்கத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, பிழை இருந்தால் அந்த வாரமே திருத்தச் சொல்லுங்கள்.